புலி நடமாடும் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கமோ லாசா பக்கமோ போனால் கடைத்தெரு முடிந்ததும் செம்பனை, அப்புறம் மிச்சமிருக்கும் பால்மரம் (ரப்பர்), அதைத் தாண்டினால் காடு. அந்தக் காடு அப்படியே தித்திவங்சா மலைத்தொடரோடு சேர்ந்துவிடுகிறது. அந்த ஓரத்தில் வேலை செய்கிறவர்கள், மாடு வைத்திருப்பவர்கள், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிள்ளைகளோடு குடியிருப்பவர்கள் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். சுங்காய், தாப்பா, கிரிக், குவாலா லிப்பிஸ், குவா மூசாங் என்று காட்டை ஒட்டிய எந்தத் தோட்டத்துக்கும் இது பொருந்தும்.

2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி தீபகற்ப மலேசியாவின் காடுகளில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. 1950களில் ஏறக்குறைய 3000 இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு குறைந்துபோன விலங்கு ஏன் தோட்டப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுகிறது என்று பலரும் கேட்கிறார்கள். காடு துண்டு துண்டாகிவிட்டது, மான் குறைந்துவிட்டது. 2021 கடைசியில் தீபகற்பத்துக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பண்ணைப் பன்றிகளோடு நிற்காமல் காட்டுப்பன்றிகளையும் கொன்றது, அதுதான் புலியின் முக்கிய இரைகளில் ஒன்று. உள்ளே இரை இல்லை, வெளியே செம்பனைக்கு அடியில் இரவெல்லாம் மாடு படுத்திருக்கிறது. அது வரத்தான் செய்யும்.

வருகிற எல்லாப் புலியும் ஆளைத் தாக்குவதில்லை. பெரும்பாலானவை நமக்குத் தெரியாமலே வந்து தெரியாமலே போய்விடுகின்றன. ஆனால் 2023இல் குவா மூசாங் வட்டாரத்தில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். சில மாதங்களுக்குள் பலர் புலி தாக்கி இறந்தார்கள், அவர்களில் பால்மரம் வெட்டப் (பட்டையைச் சீவிப் பால் எடுக்கப்) போனவர்களும் உண்டு. நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள்தான். தாக்குதல் நடந்த பிறகு கூண்டு வைப்பதும் ரோந்து வருவதும் அதிகாரிகளின் வேலை, அதை அவர்கள் செய்வார்கள். அதற்கு முன்னால், நம் வேலை நேரம், மாடு, நாய், குப்பை இவற்றை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. உயிரைக் காப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான் என்பது என் கருத்து, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

வேலை நேரம்

பால்மரம் வெட்டுகிறவர்கள் இருட்டோடு கிளம்புவதற்குக் காரணம் இருக்கிறது. விடியலின் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் சுருங்கிவிடும். சிக்கல் என்னவென்றால் அந்தியிலிருந்து விடியும்வரை புலியும் நடக்கிற நேரம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் தனியாகப் போகிறவருக்கு விளக்கு வெளிச்சம் விழும் இடம் மட்டுமே தெரியும், புலிக்கோ அவர் நன்றாகவே தெரிவார்.

ஆகவே நடமாட்டம் தெரிந்த வாரங்களில், நல்ல வெளிச்சம் வரும்வரை காட்டோர நிரைக்குள் யாரும் போகக் கூடாது. நம் பக்கம் சூரியன் எழும்ப ஏழு மணி ஆகிவிடும், மரத்தடியில் வெளிச்சம் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். எடை குறையும், அது உண்மை. கிலோவுக்குக் கூலி வாங்குகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நஷ்டத்தைக் குறைக்க வழி உண்டு. சாலையை ஒட்டிய, வெட்டவெளியான நிரையில் ஆரம்பித்து காட்டோர நிரைக்குக் கடைசியாக வாருங்கள். பால் எடுக்கும்போதும் அங்கே தனியாகப் போகாதீர்கள். காட்டோரத்தில் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதை மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை என்று தள்ளி, எத்தெஃபோன் பூசி வெட்டலாம். பால் ஓட்டத்தைத் தூண்டுகிற அந்த மருந்தைக் குறைந்த நாள் வெட்டோடு சேர்த்துச் செய்வது பழைய முறைதான். ஆளும் அடிக்கடி அங்கே போக வேண்டியதில்லை, பட்டையும் மிச்சமாகும். சிறுதோட்டக்காரர்கள் ரிஸ்டா (ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) அலுவலகத்தில் மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், கண்டபடி பூசினால் மரம் கெட்டுவிடும்.

சொந்த மரம் வைத்திருப்பவர் தானே முடிவெடுக்கலாம். கூலிக்குப் போகிறவர் என்ன செய்வார்? மண்டோரிடம் (மேஸ்திரியிடம்) ஒரே ஒருவர் போய்ச் சொன்னால் சோம்பேறி என்று பெயர் வரும். பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்: "மண்டோர் அண்ணே, காட்டோரப் பிளாக்குக்கு வெளிச்சம் வந்த பிறகு போறோம், இரண்டு பேர் இரண்டு பேராப் போடுங்க, பெரிய கிராணிக்கும் தெரியப்படுத்துங்க." அதே நாளில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் வந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலக உரிமை உண்டு, அதற்காக அவரைத் தண்டிக்கவும் கூடாது. புதிதாகப் புலித் தடம் பதிந்த நிரைக்குள் இருட்டில் ஆளை அனுப்புவது ஆபத்து இல்லை என்று யார் வாதாட முடியும்? சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

குனிவது

இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. புலி நீண்ட தூரம் துரத்தி ஓடுகிற விலங்கு கிடையாது. மறைவில் பதுங்கி நெருங்கி, பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ பாய்வது அதன் பழக்கம். நிமிர்ந்து நடக்கிற மனிதன் அதற்குப் பழக்கமான இரை இல்லை. குனிந்தோ குந்தியோ இருக்கும்போது நம் உருவம் நாலுகால் பிராணியின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. நம் வேலையோ பாதி நேரம் குனிகிற வேலை. உதிரிப் பழம் பொறுக்குவது, அடிப்பட்டை வரை இறங்கிவிட்ட மரத்தை வெட்டுவது, ஒட்டுப்பால் எடுப்பது, பாக்கு கீரையும் (பெரணித் தளிர்) காளானும் பறிப்பது, ஆற்றோரத்தில் மீன் பிடிப்பது, புதருக்குள் ஒதுங்குவது, எல்லாமே குனிந்தும் குந்தியும் செய்கிறவை.

ஆகவே ஒருவர் குனிந்து வேலை செய்தால் இன்னொருவர் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும், மாறி மாறிச் செய்துகொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் புதர் இருக்கும்படி குந்தாதீர்கள், மரத்தையோ லாரியையோ பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே இருங்கள், மின்னல் எஃப்எம் வானொலியைச் சத்தமாகவே போட்டுவிடுங்கள், பெரும்பாலான புலி மனிதக் குரல் கேட்டால் தானே விலகிப் போகும். காதில் இயர்போன் மட்டும் வேண்டாம், காய்ந்த மட்டை நொறுங்குகிற சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும். சுந்தரவனக் காடுகளில் 1980களின் பிற்பாதியில் தேன் எடுப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும் தலையின் பின்பக்கம் மனித முகமூடி அணிந்து போனார்கள், அணிந்தவர்களைப் புலி சில காலம் தாக்கவில்லை, பிறகு புலி அதற்குப் பழகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். முகமூடியை நம்பி இருட்டில் போகச் சொல்லமாட்டேன். புலி பின்னாலிருந்து வருகிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

செமாக்கை, அதாவது புதரை, வெட்டுங்கள். செம்பனையில் மரத்தைச் சுற்றிய வட்டமும் குலை தூக்கும் பாதையும் சுத்தமாக இருந்தால் மறைவு குறையும். மட்டையை அடுக்கும்போது பாதையை ஒட்டி உயரமாக அடுக்காதீர்கள். விலை இல்லை என்று கைவிட்ட பால்மரத் துண்டு நிலங்கள்தான் எனக்கு அதிகம் கவலை தருகின்றன. ஆள் உயரத்துக்குப் புதர் மண்டி, காட்டிலிருந்து லயத்துக்கே மறைவாக வழி போட்டுக் கொடுக்கின்றன. நிலத்துக்காரர் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை) வைத்து லயத்தை ஒட்டிய பகுதியையாவது வெட்டிவிடுங்கள்.

மாடு, ஆடு, நாய்

நம் ஆட்கள் மாட்டைச் செம்பனைக்குள் அவிழ்த்துவிட்டால் அது தானாக மேய்ந்து, தானாகப் படுத்து, சில நாள் வீட்டுக்கே வருவதில்லை. தோட்ட நிர்வாகத்தோடு இதனால் வரும் சண்டை வேறு கதை. புலியைப் பொறுத்தவரை, இரவில் வெளியே படுக்கும் மாடுதான் அதை ஊருக்குள் இழுக்கும் முதல் காரணம். ஒரு கன்றைச் சுலபமாக அடித்துத் தின்ற புலி அந்த இடத்துக்குத் திரும்பி வரும். ஆகவே மாலை ஆறு மணிக்குள் பட்டியில் அடையுங்கள், தலை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்றிரவே தேடிப் போகாதீர்கள். இது கடினம்தான், பால் கறக்கும் பசு என்றால் மனசு கேட்காது, ஆனாலும் விடிந்த பிறகு கூட்டமாகப் போங்கள்.

பட்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், காட்டுப் பக்கம் வேண்டாம். புலி எட்டிக் குதிக்க முடியாத உயரத்தில் கெட்டியான மரச்சட்டமும் கம்பி வலையும் வேண்டும். ஆட்டுக்கும் கன்றுக்கும் மேலே கூரையோ வலையோ கட்டாயம், ஏனென்றால் சிறுத்தை ஏறி உள்ளே இறங்கிவிடும். சுற்றிலும் புதர் வேண்டாம், இரவில் ஒரு விளக்கு எரியட்டும், சோலார் விளக்கு இப்போது மலிவு. கன்று ஈனும் பசுவைத் தனியாக வெளியே விடாதீர்கள், நஞ்சுக்கொடியைக் குழி தோண்டிப் புதையுங்கள். செத்த மாட்டைப் பாரிட்டில் (வாய்க்காலில்) தள்ளிவிட்டுப் போகிற பழக்கத்தை விட வேண்டும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

நாயை இரவில் காட்டுப் பக்கமாகக் கட்டிப்போட்டால் அது காவல் ஆகாது, இரை ஆகும். கூண்டிலோ வீட்டுக்குள்ளோ அடையுங்கள். இன்னொன்று, நாய்க்குத் தடுப்பூசி போடுங்கள். 2019இல் திரங்கானு, டுங்குன் மாவட்டத்தில் ஒரு கம்பத்துக்குள் (கிராமத்துக்குள்) பட்டப்பகலில் ஒரு புலி நடந்து வந்தது, மனிதரைக் கண்டு பயப்படவே இல்லை. பிடித்து சுங்காய் வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கே செத்துப்போனது. அதற்கு இருந்தது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய். அந்த வைரஸ் மூளையைத் தாக்கினால் புலி தடுமாறும், மனிதன் மேல் இருக்கும் பயமே போய்விடும். அப்படிப்பட்ட புலி நமக்கும் ஆபத்து, அதற்கும் முடிவு. தடுப்பூசி போடாத நாய்கள் காட்டுக்குள் சுற்றினால் இந்த நோய் உள்ளே போக வழி உண்டு. பன்றி வேட்டைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

கோயில் விஷயமும் ஒன்று. நம் முனியாண்டி கோயில்களில் பல தோட்டத்தின் எல்லையில், காட்டைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. கிடா வெட்டிப் படைக்கிறோம், கோழி அறுக்கிறோம், அது நம் வழிபாடு, அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. குடலையும் தோலையும் இரத்தம் தோய்ந்த மண்ணையும் புதருக்குள் வீசாமல் அன்றே புதைத்துவிடுங்கள். இரவு பூஜை என்றால் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புங்கள், பூஜை முடிந்து இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து குடிப்பது வேண்டாம். பிளாக்குக்குள் கள்ளோ சம்சுவோ குடித்துவிட்டு இருட்டில் தனியாகத் தள்ளாடி வருகிற அண்ணன்மார்களுக்கும் இதையே சொல்கிறேன், உங்கள் வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள்: பள்ளி வேன் வரும் நேரம் இருட்டு. லயத்தின் கடைசி வீட்டுப் பிள்ளை தனியாக முச்சந்தியில் நிற்காமல், விளக்கு இருக்கும் ஓரிடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கட்டும், பெரியவர் ஒருவர் வேன் கிளம்பும்வரை கூடவே இருக்கட்டும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் திடலில் பந்து விளையாட்டு வேண்டாம்.

தடம் பார்த்தால்

ஈரமண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு, நாலு விரலும் பெரிய உள்ளங்கால் பதிவுமாக, நகக்குறி இல்லாத தடம் இருந்தால் புலியாக இருக்கலாம். நாய்த் தடத்தில் நகம் பதியும், பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறுத்தையின் தடம் இதைவிடச் சிறியது. பக்கத்தில் பேனாவோ ஒரு ரிங்கிட் நோட்டோ வைத்துப் படம் எடுங்கள், அப்போதுதான் அளவு தெரியும். மழை வருகிற மாதிரி இருந்தால் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவையுங்கள். தடத்தின் பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்காதீர்கள்.

அடிபட்ட மாட்டைக் கண்டால் கிட்டே போகவே கூடாது. புலி தன் இரையை மறைவுக்கு இழுத்துப் போய்க் கொஞ்சம் தின்றுவிட்டு, பக்கத்திலேயே படுத்திருந்து திரும்பவும் தின்ன வரும். ஆத்திரத்தில் அந்தச் சவத்தில் பூச்சிமருந்து வைக்கிறவர்களும் உண்டு. அது குற்றம், பாவமும் கூட. அதில் புலி மட்டும் சாவதில்லை, உடும்பு, நாய், பருந்து எல்லாம் சாகும், மழையில் மருந்து ஆற்றுக்கும் போகும்.

உடனே கூப்பிட வேண்டியது வனவிலங்குத் துறையை, பெர்ஹிலித்தான் என்று நாம் சொல்வது: 1-800-88-5151. ஆளுக்கு ஆபத்து என்றால் 999. தோட்ட அலுவலகத்துக்கும் கம்பத் தலைவருக்கும் தெரிவியுங்கள். அதிகாரிகள் வந்து கேமரா பொருத்துவார்கள், ரோந்து போவார்கள், தேவைப்பட்டால் ஆடு வைத்துக் கூண்டுப்பொறி வைப்பார்கள். கூண்டைப் பார்க்கக் குடும்பத்தோடு போவதை நிறுத்துங்கள். ஆள் சத்தம் இருந்தால் புலி கூண்டுப் பக்கம் வராது, அதே நேரம் அதைச் சுற்றித்தான் புலி நடமாடுகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். வேறு நாட்டில், வேறு வருஷத்தில் எடுத்த வீடியோ "நம்ம தோட்டத்துல நேத்து ராத்திரி" என்று சுற்றுவது வழக்கமாகிவிட்டது, அதைப் பார்த்துப் பார்த்து உண்மையான எச்சரிக்கை வரும்போது யாரும் நம்புவதில்லை. உண்மையான தடம் என்றாலும் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், புலித்தோலுக்கும் எலும்புக்கும் அலைகிற வேட்டைக்காரர்கள் அந்தத் தகவலுக்குத்தான் காத்திருக்கிறார்கள். லயத்துக் குழுவில் "ஆற்றோரப் பிளாக்குக்கு இந்த வாரம் யாரும் போக வேண்டாம்" என்று போட்டால் போதும்.

நேருக்கு நேர் பார்த்தால்

ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும், நம்மால் அதை முந்த முடியாது. குனியாதீர்கள், குந்தாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். முகத்தை அதன் பக்கம் வைத்து, கையையோ சட்டையையோ வெட்டுக்கத்தி வைத்திருக்கும் பையையோ மேலே தூக்கிப் பெரிய உருவமாகத் தெரியுங்கள், கனத்த குரலில் பேசுங்கள், அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகருங்கள். இரண்டு மூன்று பேர் இருந்தால் ஒட்டி நில்லுங்கள், பிள்ளை இருந்தால் நடுவில் விட்டுக்கொள்ளுங்கள், தூக்குவதற்காகக் குனிய வேண்டி வந்தால் இன்னொருவர் முன்னால் நிற்கட்டும். புலி விலகிப் போக ஒரு வழி விடுங்கள். குட்டியைக் கண்டால் தாய் அருகில் இருக்கிறது என்று அர்த்தம், வந்த வழியே திரும்புங்கள்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது முன்னால் சாலையில் புலி நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், விளக்கை அணைக்காதீர்கள், அது கடந்து போகட்டும். படம் பிடிக்கக் கிட்டே போவது, காரால் துரத்துவது இரண்டும் வேண்டாம். காட்டுப் பகுதிச் சாலையில் இரவில் மெதுவாகப் போங்கள், கோப்பேங், குவா தெம்புருங் அருகே நெடுஞ்சாலையில் வாகனம் மோதிப் புலி செத்திருக்கிறது.

மேலே பாய்ந்துவிட்டால் போராட வேண்டியதுதான். கழுத்தைக் கையால் மறையுங்கள், கண்ணிலும் மூக்கிலும் அடியுங்கள். கூட இருப்பவர்கள் ஓடிப்போகாமல் சேர்ந்து கத்தி, கையில் கிடைத்ததால் அடிக்க வேண்டும். 2011இல் கிரிக் பக்கம் ஜஹாய் இனத்து ஓராங் அஸ்லி (பூர்வகுடி) அம்மா ஒருவர், மரக் கரண்டியோடு ஓடி வந்து புலியின் தலையில் அடித்துத் தன் கணவரைக் காப்பாற்றினார். காயத்தைத் துணியால் இறுக்கி அழுத்தி இரத்தத்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் பல் ஆழமாக இறங்கியிருக்கும், சீழ் பிடிக்கும், ஊசி போடாமல் வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மற்றவற்றைப் பற்றி

நம் காட்டுச் சிறுத்தைகளில் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. மிகவும் கூச்ச சுபாவம், நாயும் கோழியும் ஆடும்தான் அதன் குறி, பட்டியைச் சரியாக அடைத்தால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. சூரியக் கரடி பார்க்கச் சிறியது, ஆனால் திடுக்கிட்டால் மோசமாகக் கடிக்கும், நகம் நீளம். செம்பனைப் பழம் தின்ன வரும். மரமேறித் தப்பிக்க நினைக்காதீர்கள், அது நம்மைவிட நன்றாக ஏறும், மெதுவாகப் பின்வாங்குங்கள். மலைப்பாம்பு எலிக்காகத் தோட்டத்தில் இருக்கிறது, அதை நாம் விரட்ட வேண்டியதில்லை. ஆனால் 1995இல் சிகாமாட் பக்கம் பால்மரம் வெட்டப் போன ஒருவரையே அது கொன்றிருக்கிறது, பெரிய பாம்பைத் தனியாகப் பிடிக்க முயலாமல் பொம்பாவையோ (தீயணைப்புத் துறை) பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள். தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கத் தோட்டத்தில் இருப்பவர்கள் பேராக் ஆற்றின் முதலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கரையில் குந்திக் கழுவுவதும் அந்தியில் வலை வீசுவதும் அங்கே வேண்டாம்.

கண்ணி

இதை நேராகச் சொல்லியாக வேண்டும். காட்டோரத்தில் பன்றிக்கு வைக்கிற கம்பிக் கண்ணி பன்றியை மட்டும் பிடிக்காது. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த கண்ணியில் புலியின் கால் மாட்டினால் எலும்பு வரை அறுக்கும், அறுத்துக்கொண்டு தப்பினாலும் கால் அழுகும். மூன்று காலில் மானைத் துரத்த முடியாத புலி என்ன செய்யும்? கட்டியிருக்கும் ஆட்டைத் தேடும், மாட்டைத் தேடும், கடைசியில் குனிந்து நிற்கிற ஆளையும் தேடலாம். பன்றிக்கறி ஆசைக்கு வைத்த கண்ணி, பக்கத்து வீட்டு அக்கா பால் வெட்டப் போகிற பாதையில் காயம்பட்ட ஒரு புலியை விட்டுவைக்கிறது. பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு மிஞ்சிய பன்றியையும் நாம் எடுத்துக்கொண்டால் அதற்கு உள்ளே தின்ன என்ன இருக்கும்?

சட்டமும் விளையாட்டில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நடப்புக்கு வந்த திருத்தத்தோடு இன்னும் கடுமையாகிவிட்டது. புலியைக் கொன்றால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம், கண்ணி வைப்பதே தனிக் குற்றம். வேலை செய்யும் இடத்தில் கண்ணியைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தான் எண்ணுக்குச் சொல்லுங்கள். உயிரோடு ஏதாவது மாட்டியிருந்தால் நீங்களே அவிழ்க்கப் போகாதீர்கள். யார் வைத்தது என்று தெரிந்தால் முதலில் பேசிப் பாருங்கள், தாத்தாவோ மாமாவோ முன்னால் நின்று பேசினால் பலர் கேட்பார்கள்.

காகிதம், சுவர்

தாக்குதல் நடந்துவிட்டால் துக்கத்தில் யாருக்கும் காகிதம் ஞாபகம் இருக்காது, ஆனாலும் அன்றோ மறுநாளோ போலீஸ் புகார் செய்துவிடுங்கள், பெர்ஹிலித்தான் அதிகாரியின் அறிக்கை எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டு விலங்கு தாக்கியவர்களுக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் அரசாங்க உதவி நிதி ஒன்று இருக்கிறது, அதற்கு இந்தக் காகிதங்கள் வேண்டும். வேலை நேரத்தில் நடந்திருந்தால் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகக் காப்புறுதி அமைப்பு) வேலையிட விபத்தாகத் தெரிவிக்கச் சொல்லி அலுவலகத்தை வற்புறுத்துங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு, அது அவர்களில் பலருக்கே தெரியாது.

புலி போய்விட்டது என்று யாராவது சொன்னால் அடுத்த நாளே பழைய நேரத்துக்குத் திரும்பாதீர்கள், ஒரு புலி சுற்றிவரும் எல்லை பெரியது, போன பாதையிலேயே சில வாரம் கழித்து மறுபடி வரும். புதுத் தடமோ அடிபட்ட பிராணியோ இல்லை என்று அதிகாரிகள் சொல்லும்வரை வெளிச்சம் வந்த பிறகே காட்டோரம் போங்கள்.

அப்புறம், பெரட்டுக் களத்திலும் ஸ்டோர் சுவரிலும் கோயில் வாசலிலும் பெர்ஹிலித்தான், 999 எண்களைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தமிழிலும் மலாயிலும் மட்டும் போதாது. காட்டுக்கு மிக அருகில் இருக்கும் கொங்சிகளில் (தொழிலாளர் கொட்டகைகளில்) படுப்பவர்கள் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பையன்கள், முதல் தடம் பெரும்பாலும் அவர்கள் கண்ணில்தான் படும். அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து அவர்கள் மொழியிலேயே எழுதி வாங்குங்கள், தடத்தின் படத்தையும் பக்கத்தில் ஒட்டுங்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கைப்பேசியில் எண்ணைப் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.